மாமாவின் அணை: விடுவதா, சீரமைப்பதா, தண்ணீரைக் குறைப்பதா, உடைப்பதா?

மலேசியாவில், கோத்தா திங்கி பக்கம் எங்கள் தாய்மாமாவுக்கு ஒரு பழத்தோட்டம் இருந்தது. டுரியான், ரம்புத்தான், கொஞ்சம் பாக்கு. தோட்டத்தின் நடுவே போகும் ஓடையை மறித்து, எண்பதுகளில் ஒரு புல்டோசரை வாடகைக்குப் பிடித்து, மண்ணால் கரை போட்டார். விவசாயத்துக்கும் அல்ல, மின்சாரத்துக்கும் அல்ல. தூண்டில் போட, பிள்ளைகள் குதித்து நீந்த, சனிக்கிழமை சாயங்காலம் பாய் விரித்து உட்கார, அவ்வளவுதான். சிங்கப்பூரில், தோ பாயோவில் எட்டாவது மாடியில் வளர்ந்த எனக்கும் என் தங்கைக்கும் பள்ளி விடுமுறை என்றாலே அந்தத் தண்ணீர்தான். நாங்கள் எல்லோரும் அதைக் குளம் என்போம், மாமா மட்டும் அணை என்பார், அப்போது பெருமைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரிப்போம்.

மாமா போய் நான்கு வருடம் ஆகிறது. நிலம் அவருடைய மூன்று பிள்ளைகள் பெயரில். பெரிய மச்சான் கோலாலம்பூரில், சின்ன மச்சான் ஜொகூர் பாருவில், மாமா மகள் கல்யாணமாகி இங்கே ஈசூனில். போன தீபாவளிக்குப் போனபோது கரையின் அடியில் ஈரம் கண்டேன், அதிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சண்டை. ஒருவர் அப்படியே விடலாம் என்கிறார், ஒருவர் அப்பா நினைவு, செலவு எவ்வளவானாலும் சரிசெய்வோம் என்கிறார், ஒருவர் விற்றுவிடலாம் என்கிறார். நான் இங்கே கால்வாய் வேலைகளில் இருபது வருடத்துக்கு மேல் சைட் சூப்பர்வைசர். அணைப் பொறியாளர் அல்ல. எதைச் செய்வதானாலும் மண் வேலை தெரிந்த, உரிமம் உள்ள பொறியாளர் ஒருவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், ஜேபிஎஸ் (மலேசிய வடிகால், நீர்ப்பாசனத் துறை) அலுவலகத்தில் கேட்க வேண்டும். அது வேறு. ஆனால் எந்த வேலைக்குப் பொறியாளரைக் கூப்பிடுவது என்று முதலில் நாம் முடிவு செய்தாக வேண்டும் அல்லவா?

கரையின் நிலைமை இதுதான். உயரம் ஐந்தரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல். நிறைந்திருக்கும்போது தண்ணீர் இரண்டு ஏக்கர், ஆழமான இடத்தில் ஐந்து மீட்டர். இந்த மாதிரிக் குளத்துக்குப் பரப்பையும் அதிக ஆழத்தையும் பெருக்கி 0.4ஆல் பெருக்கினால் கொள்ளளவு தோராயமாகக் கிடைக்கும்: சுமார் 16,000 கன மீட்டர். ஒலிம்பிக் நீச்சல் குளம் ஆறரை. கரையின் வெளிப்பக்கச் சரிவில் மாமா ஆசையாய் நட்ட ரம்புத்தான்கள் இரண்டு ஆள் உயரம் தாண்டி வளர்ந்திருக்கின்றன, ஒன்று பட்டுப்போய் நிற்கிறது. பட்ட மரம்தான் மோசம், ஏனென்றால் வேர் உள்ளே மக்கினால் அந்த இடம் தண்ணீருக்கு வழி. உடும்பு வளைகள் எண்ணினேன், ஏழு. பிக்அப் வண்டி ஓடி ஓடி கரையின் உச்சி நடுவில் ஒரு முழம் தாழ்ந்திருக்கிறது, இப்போது தண்ணீருக்கும் உச்சிக்கும் இடையே அந்த இடத்தில் 60 சென்டிமீட்டர்தான் இருக்கிறது. அடியில் தண்ணீர் திறந்துவிட வைத்த நெளிவுத் தகரக் குழாய் துருப்பிடித்து, வால்வு திரும்புவதே இல்லை. அந்த வகைக் குழாய்க்கு ஆயுள் 25 முதல் 50 வருடம் என்பார்கள், நம்முடையது அந்தக் கணக்குக்குள் வந்துவிட்டது. அடிவாரத்தில் சேம்பு செழிப்பாக வளர்ந்திருக்கிறது. சேம்பு வளர்ந்தால் அங்கே வருடம் முழுக்க ஈரம் என்று அர்த்தம். கசிந்த தண்ணீரை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்துப் பார்த்தேன், தெளிவாகத்தான் இருந்தது. மண் கரைகளில் கசிவு இருப்பது பெரிய விஷயம் இல்லை, கசிவு கூடிக்கொண்டே போனாலோ கலங்கலாக வந்தாலோதான் விஷயம், கலங்கி வந்தால் கரையின் மண் உள்ளேயிருந்து கரைந்து வருகிறது.

அதைவிட என்னைத் தூங்கவிடாதது உபரித் தண்ணீர் போகும் வழி. நம் ஊர்க் கண்மாய்களில் கலிங்கு என்பார்களே, அது. சிவகங்கைப் பக்கம் தாத்தா ஊர்க் கண்மாயில் கலிங்கு கல்லால் கட்டி, அகலமாக, ஒரு சின்னத் தெரு மாதிரி இருக்கும். மேலே வரிசையாகக் கற்கள் நட்டிருப்பார்கள், மழைக்காலம் முடிந்தபின் இடையில் புல்கரண் (புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டி) வைத்து அடைத்துக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் பிடிப்பார்கள், எதிர்பாராமல் வெள்ளம் வந்தால் அது தானே அடித்துக்கொண்டு போய்விடும். வெள்ளைக்காரப் பொறியாளர்கள் அந்தச் சொல்லையே கலிங்குலா என்று ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார்கள். மாமா வைத்தது 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள கான்கிரீட் குழாய் இரண்டு. போதாததற்கு மீன் போகாமலிருக்க அவற்றின் வாயில் வலை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கரைக்கு மேலே நீர்ப்பிடிப்பு சுமார் 40 ஹெக்டேர், பெரும்பாலும் செம்பனை. மணிக்கு 100 மில்லிமீட்டர் மழை, அதில் பாதி ஓடிவருகிறது என்று வைத்தால் நொடிக்கு ஐந்தரை கன மீட்டர். இரண்டு குழாயும் சுத்தமாக இருந்தாலும் கரை வழியும் நிலைக்கு முன் ஒரு கன மீட்டருக்கு மேல் வெளியேற்றாது. மீதி குளத்தில் ஏறுகிறது. இரண்டு ஏக்கரில் 60 சென்டிமீட்டர் ஏற இருபது நிமிடம்கூட வேண்டாம். அப்புறம் கரைமேல் வழியும், மண் கரை மேல் தண்ணீர் வழிந்தால் வெளிச்சரிவை அடியிலிருந்து தின்றுகொண்டே வரும். உலகத்தில் மண் அணைகள் உடைவதற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு. ஒன்று இப்படி மேலே வழிவது, மற்றது உள்ளுக்குள் அரிப்பது. நம்முடையது இரண்டுக்கும் வரிசையில் நிற்கிறது.

இதைச் சொன்னால் பெரிய மச்சான் கேட்பது: "நாற்பது வருஷமா நிக்குதே மாப்ள, 2006 வெள்ளத்துலயே நின்னுச்சே?" நின்றது, உண்மை. 2006 டிசம்பர் 19ஆம் தேதி சிங்கப்பூரில் 24 மணி நேரத்தில் 366 மில்லிமீட்டர் கொட்டியது, அதே நாட்களில் கோத்தா திங்கி நகரமே மூழ்கியது, அடுத்த மாதம் மறுபடியும் மூழ்கியது. அந்த இரவு என்ன நடந்தது என்று அம்மாவைக் கேட்டால் சொல்வார். மாமாவும் இரண்டு வேலையாட்களும் கரையின் ஓரத்தில், இயற்கையான மேட்டு மண்ணில், மண்வெட்டியால் ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள், வலையைக் கத்தியால் அறுத்து எறிந்தார்கள், விடியும்வரை டார்ச் லைட்டோடு நின்றார்கள். மழை விட்டதும் வெட்டிய இடத்தை மூடி, வலையை மறுபடி கட்டினார். அன்றைக்குக் கரையை நிறுத்தியது மாமா. இப்போது ராத்திரி இரண்டு மணிக்கு யார் மண்வெட்டி எடுப்பது? ஈசூனிலிருந்து கிளம்பி, உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று?

இன்னொரு அணையின் கதை சொல்கிறேன். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் சவுத் ஃபோர்க் என்று ஒரு மண் அணை, 22 மீட்டர் உயரம். முதலில் அரசாங்கம் கால்வாய்ப் போக்குவரத்துக்குக் கட்டியது, பிறகு கைமாறிக் கைமாறி 1879இல் பணக்காரர்களின் மீன்பிடி, வேட்டைச் சங்கம் ஒன்று வாங்கியது. ஆண்ட்ரூ கார்னகிகூட அதில் உறுப்பினர். சங்கத்துக்கு முன்பு வைத்திருந்தவர் அடியில் இருந்த திறப்புக் குழாய்களைக் கழற்றிப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார், சங்கம் மாற்றுக் குழாய் போடவில்லை. குதிரை வண்டி போக வசதியாகக் கரையின் உச்சியைச் சற்றுத் தாழ்த்தினார்கள். மீன் தப்பிவிடக் கூடாதென்று கலிங்கில் கம்பி வலை போட்டார்கள். 1889 மே 31, பெருமழை, வலையில் குப்பை அடைத்தது, கரை வழிந்தது, உடைந்தது. கீழே ஜான்ஸ்டவுன் நகரத்தில் 2,209 பேர் செத்தார்கள். திறக்க முடியாத குழாய், வண்டியால் தாழ்ந்த உச்சி, மீன் வலை. மூன்றும் நம்மிடம் இருக்கின்றன. அளவு வேறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஓர் அணை எவ்வளவு ஆபத்தானது என்பதை அதன் அளவு மட்டும் சொல்லாது, கீழே யார் இருக்கிறார்கள் என்பதும் சேர்ந்துதான் சொல்லும். நம் கரைக்கு 600 மீட்டர் கீழே தோட்ட வேலையாட்கள் சேர்ந்து தங்கும் கொங்சி வீடு இருக்கிறது, பலகைச் சுவர், ஓடை ஓரத்திலேயே. அதைத் தாண்டி மூன்று கம்பத்து வீடுகள். மாமா கரை போட்டபோது அங்கே வெறும் ரப்பர்க் காடு.

சரி, வழிகளுக்கு வருவோம். விற்பதைப் பற்றி அதிகம் பேச எனக்கு விருப்பமில்லை. சொல்லாமல் விற்றால் ஆபத்தை இன்னொருத்தர் தலையில் கட்டுகிறோம், சொல்லி விற்றால் விலை போகாது.

அப்படியே விட்டு, கண்காணிப்பது. சின்ன மச்சானின் யோசனை, கேட்க மலிவாக இருக்கிறது. வாரம் ஒருமுறை யாராவது நடந்து பார்க்க வேண்டும், கசிவை ஒரு வாளியில் பிடித்து எத்தனை நொடியில் நிறைகிறது என்று எழுதிவைக்க வேண்டும், குழாய் வாயைச் சுத்தம் செய்ய வேண்டும். இதெல்லாம் நல்ல பழக்கம்தான், எந்த வழியை எடுத்தாலும் செய்ய வேண்டியதும்தான். ஆனால் பார்த்துக்கொண்டிருப்பதால் கலிங்கு அகலமாகாது. கேமரா வைக்கலாம் என்றான். வைக்கலாம், கரை உடைவதைக் கைப்பேசியில் பார்க்கலாம். சட்டத்தையும் யோசிக்க வேண்டும். 1868இல், நம் மெக்ரிட்சி நீர்த்தேக்கம் கட்டி முடிந்த அதே வருடம், இங்கிலாந்தில் ரைலண்ட்ஸ் என்ற மில் முதலாளியின் வழக்கில் தீர்ப்பு வந்தது. அவருடைய நீர்த்தேக்கத்துத் தண்ணீர் பக்கத்து ஃபிளெட்சரின் சுரங்கத்துக்குள் புகுந்துவிட்டது. கட்டியது குத்தகையாளர்கள், ரைலண்ட்ஸ் பேரில் கவனக்குறைவு எதுவும் இல்லை, ஆனாலும் அவர்தான் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்றார்கள். தன் நிலத்தில் ஆபத்தானதைச் சேர்த்து வைப்பவர், அது தப்பிப்போனால் பொறுப்பு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நீதிமன்றங்கள் இந்தத் தீர்ப்பை எடுத்துப் பேசியிருக்கின்றன. ரைலண்ட்ஸுக்காவது ஆபத்து இருப்பது தெரியாது. நமக்குத் தெரியும், வாட்ஸ்அப்பில் படத்தோடு இருக்கிறது.

முழுச் சீரமைப்பு. மாமா மகளின் ஆசை, என் மனசும் முதலில் இங்கேதான் இருந்தது. மரங்களை வெட்டி, பெரிய வேர்களைத் தோண்டி எடுத்து, அந்தக் குழிகளில் களிமண்ணைப் படிப்படியாகப் போட்டு இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். வெறுமனே வெட்டிவிட்டால் வேர் உள்ளேயே மக்கும், முன்பைவிட மோசம். அடிவாரத்தில் மணலும் ஜல்லியும் அடுக்கி வடிகட்டி வைக்க வேண்டும், தண்ணீர் போகும், மண் போகாது. (கசிவை வெளியிலிருந்து சிமெண்ட் போட்டு அடைக்கலாம் என்று ஒரு குத்தகையாளர் சொன்னார், அவரை மறுபடி கூப்பிடவில்லை. வெளியே அடைத்தால் தண்ணீர் உள்ளே தேங்கிக் கரையையே ஊறவைக்கும்.) துருப்பிடித்த குழாய்க்குள் சிறிய பிளாஸ்டிக் குழாயைச் செருகி இடைவெளியில் சிமெண்ட் கூழ் நிரப்பலாம். கரை உச்சியை உயர்த்த வேண்டும். கலிங்கு எட்டு மீட்டர் அகலம் வேண்டும்: எட்டு மீட்டர் அகலத்தில் 60 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் போனால் நொடிக்கு ஆறு கன மீட்டருக்கு மேல் போகும், அந்த மழைக்கு அது போதும், அதைவிடப் பெரிய மழைக்குப் போதாது. 1978 டிசம்பர் 2இல் சிங்கப்பூரில் ஒரே நாளில் 512 மில்லிமீட்டர் பெய்ததை மறக்க வேண்டாம். இவ்வளவும் செய்தால் பழைய குளம் அப்படியே கிடைக்கும், அழகாக இருக்கும். ஆனால் 16,000 கன மீட்டரும் கொங்சிக்கு மேலே அப்படியே இருக்கும், பராமரிப்பும் இன்னொரு முப்பது வருடத்துக்கு இருக்கும். எங்களுக்கு வந்த விலையில் அடுத்த வழியைப்போல நான்கு மடங்கு.

தண்ணீர் மட்டத்தை நிரந்தரமாகக் குறைப்பது. என் ஓட்டு இதற்கு, காரணம் சொல்கிறேன். கரையின் ஓரத்தில், மாமா 2006இல் வெட்டினாரே அதே மேட்டு மண்ணில், எட்டு மீட்டர் அகலத்துக்கு, இப்போதைய மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் கீழே புதுக் கலிங்கு வெட்டி, கல் பதித்துவிடுவது. ஆழம் ஐந்திலிருந்து மூன்று மீட்டராகும், பரப்பு ஏறத்தாழ பாதியாகும், கொள்ளளவோ 5,000 கன மீட்டருக்குள் வந்துவிடும். குளத்தின் மேல் பக்கம் அகலம், கீழே குறுகல், அதனால் மேல் இரண்டு மீட்டரை எடுத்தாலே மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தண்ணீர் போய்விடுகிறது. தண்ணீருக்கும் கரை உச்சிக்கும் இடையே இரண்டரை மீட்டர் சும்மா இருக்கும், பெருமழைக்கு இடம் கொடுக்கும். கரையின் மேல் அழுத்தம் குறைவதால் கசிவும் குறையும். பழைய குழாயைச் சிமெண்ட் கூழால் நிரப்பி மூடிவிடலாம். மரம் வெட்டும் வேலையும் வடிகட்டி வேலையும் இதிலும் உண்டு, ஆனால் சிறியது. பிள்ளைகள் தூண்டில் போட ஒரு ஏக்கர் மிஞ்சும். குறை என்னவென்றால், தண்ணீர் விலகிய ஓரம் முதல் ஆறு மாதம் சேறும் நாற்றமுமாகத்தான் இருக்கும், கொசு வரும். பழைய தோணித்துறை காய்ந்த தரையில் நிற்கும், பார்த்தால் அம்மா அழுவார்.

உடைப்பது, அதாவது கரையில் ஓடைமட்டம் வரை அகலமாக ஒரு வழி வெட்டி ஓடையை ஓடையாக விடுவது. கொங்சியில் தூங்குபவர் கண்ணால் பார்த்தால் இதைவிட நல்லது கிடையாது, இல்லாத அணை உடையாது. ஆனால் இதை ஒரு எக்ஸ்கவேட்டர்க்காரரிடம் விட்டுவிட்டு நாசி லெமாக் சாப்பிடப் போகக்கூடாது. முதலில் தண்ணீரை வடித்து, மழையில்லாத நாட்களில், படிப்படியாக வெட்டி, பக்கங்களைச் சரிவாக வைத்து, நாற்பது வருடச் சேறு கீழே போகாமல் பிடித்து வைக்க வேண்டும். செலவு, தண்ணீர் மட்டத்தைக் குறைப்பதைவிட அதிகம், முழுச் சீரமைப்பைவிடக் குறைவு. ஆனால் அதோடு முடிந்தது, பிறகு பராமரிப்பு கிடையாது.

ஆக என் கணக்கில் போட்டி கடைசி இரண்டுக்கும் இடையில்தான், பணம் அதைத் தீர்மானிக்காது. வாரம் ஒருமுறை அந்தக் கரையில் நடக்க ஓர் ஆள் இருக்கிறாரா? மூன்று பேரில் ஒருவர், அல்லது மாதச் சம்பளத்துக்கு ஒருவர், பெயர் சொல்லி. இருந்தால் மட்டத்தைக் குறைப்போம். இல்லையென்றால் உடைப்போம். நாம் சிங்கப்பூர்க்காரர்களுக்கு இது கொஞ்சம் புரியாது, ஏனென்றால் இங்கே 17 நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன, லோவர் பியர்ஸில் பலகைப் பாதையில் நடக்கிறோம், பண்டானில் ஓடுகிறோம், கரையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை, அரசின் தண்ணீர்க் கழகமான பியூபி பார்த்துக்கொள்ளும். மாமா தோட்டத்தில் பியூபி நாம்தான். அளவைப் பொறுத்துச் சட்டம் வேறு, இங்கிலாந்தில் 25,000 கன மீட்டருக்கு மேல் இருந்தால்தான் நீர்த்தேக்கச் சட்டம் பிடிக்கும், பக்கத்து வேல்ஸில் 10,000. ஒரே குளம் ஓர் எல்லைக்கு இந்தப் பக்கம் அணை, அந்தப் பக்கம் குளம். கொங்சிக்காரர்களுக்கு அந்த எல்லை தெரியாது.

எது முடிவானாலும் நவம்பருக்குள் ஒன்று செய்தாக வேண்டும், அதில் வாக்குவாதம் வேண்டாம். ஆறு அங்குல பிளாஸ்டிக் குழாயைக் கரைக்கு மேலாகப் போட்டு, தண்ணீர் நிரப்பி, சைஃபன் மாதிரி இழுக்க வைத்தால் கரையைத் தோண்டாமலேயே மட்டத்தை இறக்கலாம். வால்வு வைத்துக் கட்டுப்படுத்துங்கள், ஒரு நாளைக்கு 30 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். வேகமாக இறக்கினால் ஊறிப்போன உள்பக்கச் சரிவு தாங்குவதற்குத் தண்ணீர் இல்லாமல் சரிந்து விழும். இரண்டு மீட்டர் இறங்க ஏறத்தாழ ஒரு வாரமாவது ஆகும். திறக்குமுன் கொங்சியில் சொல்லிவிட வேண்டும், அங்கே இருக்கும் மேஸ்திரியின் கைப்பேசி எண்ணையும் வாங்கிக்கொள்ள வேண்டும். கசிவு என்றைக்காவது கலங்கினால் முதல் போன் அவருக்கு, குழுவுக்கு அப்புறம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சின்ன மச்சான் குழுவில் ஒரு படம் போட்டான். குழாய் வாயில் வலை இல்லை. கீழே, "எடுத்தாச்சு மாப்ள. திலாப்பியா கொஞ்சம் போயிருச்சு. கொங்சி பிள்ளைங்க வாளியோட நிக்குறாங்க." சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு உட்லண்ட்ஸ் தாண்டுகிறேன், டேப்பும் போத்தலும் எடுத்துக்கொண்டு. யாராவது வருவதென்றால் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வாருங்கள்.